எழுத்தைப் பார்த்து இங்கிலீஷ் வாசித்து மாட்டிய அனுபவம் உண்டா? சொல்லுங்க

திருப்பூர் கணக்கர்:
பனியன் கம்பெனியில் சேர்ந்த இரண்டாவது வாரம். மும்பை பார்ட்டியிடம் போனில் "ரிசிப்ட் நம்பர்" கேட்டேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாக, "ரிசீட்?" என்றார். திட்டவில்லை, சிரிக்கவில்லை. அந்தக் குரல் பன்னிரண்டு வருடமாகக் காதில் இருக்கிறது. போனை வைத்துவிட்டு பில் புக்கை எடுத்துப் பார்த்தேன். நீல மையில் பி தெளிவாக நிற்கிறது. கட்டைவிரலால் அதை மறைத்தால்தான் சரியாக வாசிக்க வருகிறது. அதிலிருந்து வந்த நம்ம ரசீதில் பி இல்லையே, அதை வைத்தாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டாமா?

சென்னிமலை:
அண்ணா, ரசீது இங்கிலீஷ் இல்லீங்க. பாரசீகச் சொல், உருது வழியாக நம்மிடம் வந்தது. பி விஷயத்தில் உங்கள் மேல் தப்பே இல்லை. ரிசீட்டை இங்கிலீஷ்காரர்கள் பிரெஞ்சிலிருந்து வாங்கும்போது அதில் பி கிடையாது. லத்தீன் மூலத்தில் இருக்கிறதே என்று படித்தவர்கள் பிற்பாடு எழுத்தில் மட்டும் சேர்த்தார்கள். வாய் பழையபடியே சொன்னது. கடனைச் சொல்லும் டெட்டுக்குள் இருக்கும் பி-யும் (இது பேங்க்குக்கு வரும் பி) அப்படி நுழைந்ததுதான்.

கோபி அம்மணி:
மகன் மூன்றாம் வகுப்பு. கத்திப் படத்துக்குக் கீழே என், ஐ, எஃப் என்று எழுதியிருந்தான். "கே எங்கடா?" என்று பென்சிலால் விரல் முட்டியில் ஒன்று வைத்தேன். அழவில்லை. "க்னைஃப்" என்று இரண்டு தடவை மெல்லச் சொல்லிப் பார்த்துவிட்டு, "சொல்லாத எழுத்தை எதுக்குங்மா எழுதோணும்?" என்று கேட்டான். இப்போது காலேஜ் போகிறான். அதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

உடுமலை:
பதில் இருக்குதுங்க அம்மணி. அந்தக் கே-யை ஒரு காலத்தில் வாய்விட்டே சொன்னார்கள். 17-ஆம் நூற்றாண்டு வாக்கில் பேச்சில் உதிர்ந்துவிட்டது. 1476-ல் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சுக்கூடம் வைத்த பிறகு எழுத்து கொஞ்சம் கொஞ்சமாக அச்சில் உறைந்தது, பேச்சு மட்டும் மாறிக்கொண்டே போனது. நானும் இன்டர்வியூவில் ஐலண்டை "இஸ்லாண்ட்" என்று வாசித்தவன்தான். பிள்ளைகளை அடிக்காதீங்க. புது வார்த்தையை முதலில் காதில் போடுங்கள், எழுத்து அப்புறம். போன் அகராதியில் ஸ்பீக்கர் படத்தைத் தொட்டால் சொல்லிக் காட்டும். சொந்தக்காரச் சொற்களைச் சேர்த்துக் கொடுங்கள்: சைன் என்பதில் ஊமையாக இருக்கும் ஜி, சிக்னலில் வாய் திறக்கும். டெட்டின் பி டெபிட்டில் கேட்கும். தினம் இரண்டு போதும்.

கவுண்டம்பாளையம் பெயின்டர்:
சொல்கிறபடியே எழுதிவிட்டால் தீர்ந்துவிடுமா? 2020 ஜூனில் 1018 ஊர்களுக்கு ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புப்படி மாற்றி அரசு ஆணை வந்தது. கோயம்புத்தூருக்கு 10 எழுத்து 14 ஆனது. கடைப் பலகைக்குப் பத்து எழுத்துக்கு அளவெடுத்துப் பென்சில் கோடு போட்டு வைத்திருந்தேன். கடைக்காரர் புதுசாகவே எழுதச் சொன்னார். கோட்டை அழித்து, எழுத்தை நெருக்கி, நாலைத் திணித்தேன். பெயின்ட் காய்வதற்குள் ஆணையைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். மறுபடி வெள்ளையடித்து, பழைய பத்தையே எழுதிக்கொடுத்தேன்.