43 வயதில் கார் லைசென்ஸ் டெஸ்ட்: ஸ்கூல் காரா, சொந்தக் காரா?

நாகமலை_அக்கா கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். மதுரை நாகமலை புதுக்கோட்டையில் இருக்கிறேன், வயது 43. வீட்டுக்காரருக்கு ஓசூரில் வேலை, எப்போதாவதுதான் வருவார். வாசலில் ஒரு பழைய ஆல்ட்டோ தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கிறது. மாமியாருக்குக் கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து செக்கப்புக்கு அண்ணாநகர் வரை கூட்டிப் போக வேண்டியிருக்கிறது. ஆட்டோவுக்குக் கொடுத்து மாளவில்லை. இப்படியே போனால் சரிப்படாது என்று ஸ்கூட்டிக்கும் காருக்கும் சேர்த்து எல்.எல்.ஆர். (பழகுநர் லைசென்ஸ்) போட்டுவிட்டேன். முப்பது நாள் தாண்டிவிட்டது.

டிரைவிங் ஸ்கூலில் வகுப்பும் முடியப் போகிறது. தினமும் இங்கிருந்து காளவாசல் வரை போவோம், பாலத்துக்குக் கீழே திரும்புவோம், வந்துவிடுவோம். இன்றுவரை நான் ரிவர்ஸ் எடுத்ததே இல்லை. கேட்டால் மாஸ்டர், "டெஸ்டுக்கு நம்ம வண்டிதான்மா. நீங்க வந்து உட்கார்ந்தா போதும், மத்ததை நான் பார்த்துக்கிறேன்" என்கிறார். அந்த "மத்தது" என்ன என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. அதற்கு அவர் சொல்லும் தொகையைக் கேட்டால் தலை சுற்றுகிறது.

டெஸ்ட் தேதிக்கான ஸ்லாட்டை நானே போட முடியுமா? என் ஆல்ட்டோவைக் கொண்டுபோகலாமா? இன்ஸ்பெக்டர் என்னதான் செய்யச் சொல்வார்? பெயில் ஆனால் எல்.எல்.ஆரே செல்லாமல் போய்விடும் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

எல்போர்டு_பெரியவர்:

முதலில் நான் ஒன்று கேட்கிறேன்ம்மா. காளவாசல் சிக்னலில் கார் நிற்கிறதே, அதை நிறுத்துவது நீங்களா, பக்கத்து சீட்டில் இருப்பவரா?

சண்டைக்குக் கேட்கவில்லை. அந்த இடது பக்க சீட்டில் பல வருஷம் உட்கார்ந்து சோறு தின்றவன் நான். டிரைவிங் ஸ்கூல் காரில் கற்றுக்கொடுப்பவர் காலடியிலும் கிளட்ச், பிரேக் இருக்க வேண்டும் என்பது சட்டம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ சடாரென்று நின்றால் மாஸ்டர் கால் தானாகப் போய் மிதித்துவிடும். அவர் உயிரும் அந்த வண்டியில்தானே இருக்கிறது! மிதித்தது யார் என்று ஓட்டுகிறவருக்குத் தெரியாது. வண்டி குலுங்காமல் நின்றது, நமக்குக் கிளட்ச் பிடிபட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்வார். டெஸ்ட் அன்று இன்ஸ்பெக்டர் பக்கத்தில் ஏறியதும் முதல் கியரிலேயே வண்டி துள்ளி ஆஃப் ஆகும். "இத்தனை நாள் நல்லாத்தானே ஓட்டினேன்" என்று அழுதவர்களை எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன்.

அதனால் அடுத்த வகுப்பில் ஏறியதும், "மாஸ்டர், இன்னைக்கு உங்க ரெண்டு காலையும் பின்னால் இழுத்து வச்சுக்கங்க, ஆபத்துன்னா மட்டும் மிதிங்க" என்று சொல்லிவிடுங்கள். முகத்தைச் சுளிப்பார், சுளிக்கட்டும். காசு கொடுத்தது நீங்கள். அன்றைக்கு எத்தனை தடவை ஆஃப் ஆகிறதோ, அதுதான் உங்கள் நிஜமான நிலவரம்.

இனி உங்கள் கேள்விகள். ஸ்லாட்டை நீங்களே போடலாம். அரசின் பரிவாகன் சாரதி தளத்தில் தமிழ்நாட்டைத் தேர்ந்தெடுத்து, லைசென்ஸ் விண்ணப்பத்தில் எல்.எல்.ஆர். எண்ணும் பிறந்த தேதியும் கொடுத்தால் உங்கள் விவரம் வந்துவிடும். 40 வயது தாண்டியதால் டாக்டரிடம் மருத்துவச் சான்று (படிவம் 1ஏ) வாங்க வேண்டும், அதை முதலில் முடித்துக்கொள்ளுங்கள். டெஸ்டுக்கு ஒவ்வொரு வகைக்கும் 300 ரூபாய், லைசென்ஸுக்கு 200, மேலே கொஞ்சம் சேவைக் கட்டணம். பணம் கட்டியதும் தேதி தேர்ந்தெடுக்கும் பக்கம் வரும். உங்கள் மாஸ்டர் சொன்ன தொகையையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவர் வண்டிக்கும் நேரத்துக்கும் கேட்பது நியாயம். அதைத் தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர முடியாத "மத்தது" உங்களுக்கு வேண்டாம்.

எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். பெயில் ஆனால் ஏழு நாள் கழித்து மறுபடி போகலாம், டெஸ்ட் கட்டணம் மறுபடி கட்ட வேண்டும், அவ்வளவுதான். மூன்று தடவையும் தேறாவிட்டால்தான் 60 நாள் காத்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டில் சொல்வது கதை. ஆனால் ஆறாவது மாதம் வரை இழுக்காமல் இப்போதே தேதி போட்டுவிடுங்கள். தோற்றாலும் இன்னொரு தடவைக்கு இடம் இருக்க வேண்டுமே.

எந்தக் கார் என்றால், நான் ஆல்ட்டோவைத்தான் சொல்வேன். நாளைக்கு மாமியாரை ஏற்றிப் போகப் போவது அதில்தானே. கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றும் தேதி தாண்டாமல் இருக்கிறதா என்று பாருங்கள். தார்ப்பாய்க்குள் நிற்கிற வண்டிக்குப் புகைச் சான்று பெரும்பாலும் காலாவதி ஆகியிருக்கும், பேட்டரியும் படுத்திருக்கும். முன்னாலும் பின்னாலும் எல் போர்டு வேண்டும்: வெள்ளையில் சிவப்பு எழுத்து, அட்டை 18 சென்டிமீட்டர் சதுரத்துக்குக் குறையக் கூடாது. பக்கத்தில் கார் லைசென்ஸ் உள்ள ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். தனியாக எடுத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் போய் இறங்காதீர்கள், அங்கேயே மாட்டுவீர்கள்.

---

சிம்மக்கல்_சிங்கம்:

பெரியவரே, இதெல்லாம் எதுக்கு? ஸ்கூல்காரர் பார்த்துக்கிறேன்னு சொன்னா விட்டுட்டுப் போக வேண்டியதுதானே. லைசென்ஸ் வந்தப்புறம் மெதுவா ஓட்டிப் பழகிக்கலாம். எங்க வீட்டில் மூணு பேரும் அப்படித்தான்.

---

எல்போர்டு_பெரியவர்:

தம்பி, அந்த மூணு பேரில் எத்தனை பேர் இன்றைக்குக் கார் ஓட்டுகிறார்கள்? உண்மையைச் சொல்லுங்கள்.

---

சிம்மக்கல்_சிங்கம்:

நான் மட்டும்தான். 😄

---

மேலூர்_பொண்ணு:

அக்கா, காரைப் பற்றி எனக்குத் தெரியாது, ஸ்கூட்டிக்கு மட்டும் சொல்கிறேன். எட்டு போடச் சொல்வார்கள். காலைக் கீழே ஊன்றக் கூடாது, கோட்டை விட்டு வெளியே போகக் கூடாது. கியர் வண்டி வைத்திருக்கும் பையன்களே நடுவில் காலை ஊன்றிவிட்டு முழிப்பார்கள். ஸ்கூட்டியில் நமக்குச் சுலபம், ஏனென்றால் பின் பிரேக் கையிலேயே இருக்கிறது.

எனக்குப் பிடிபட்ட விதம் இதுதான். ஆக்சிலேட்டரை முழுதாக விடாமல் லேசாகப் பிடித்துக்கொண்டு, பின் பிரேக்கால் வேகத்தைக் குறைக்க வேண்டும். ஆக்சிலேட்டரை விட்டால்தான் வண்டி ஆடும். திரும்பும்போது முன் பிரேக்கைத் தொடவே தொடாதீர்கள். முன் சக்கரத்தைப் பார்க்காமல், அடுத்து எங்கே திரும்ப வேண்டுமோ அந்த இடத்தைப் பாருங்கள். கண் போகிற பக்கம் வண்டி தானாகப் போகும். ஹெல்மெட் போட்டுக்கொண்டே பழகுங்கள். டெஸ்ட் அன்றைக்கு முதல் தடவையாகப் போட்டால் கழுத்தைத் திருப்பவே என்னவோ போல இருக்கும்.

இன்னொன்று, காலை ஸ்லாட் கிடைத்தால் அதையே எடுங்கள். பதினொரு மணி வெயிலில் வரிசையில் நின்று, நம் பெயரைக் கூப்பிடும்போது தலைவலியே வந்துவிடும். தண்ணீர் பாட்டில் முக்கியம். புடவையா, சுடிதாரா என்பது உங்கள் விருப்பம். ஆனால் சிமெண்ட் தரையில் வழுக்கும் செருப்பு மட்டும் வேண்டாம்.

---

நாகமலை_அக்கா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பெரியவர் அண்ணே, நீங்கள் சொன்னபடி இன்று காலை மாஸ்டரிடம் காலை எடுக்கச் சொன்னேன். சிரித்துவிட்டு எடுத்துக்கொண்டார். அச்சம்பத்து தாண்டுவதற்குள்ளேயே மூன்று தடவை ஆஃப் ஆகிவிட்டது, பின்னால் பஸ்காரர் ஹாரன் அடித்தே கொன்றுவிட்டார். ஆல்ட்டோவிலேயே போகிறேன், கொழுந்தனார் துணைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். ரிவர்ஸையும் மேட்டில் நிறுத்தி எடுப்பதையும் எங்கே பழகுவது? பாலத்தில் போய் நிற்க எனக்குப் பயம். இன்ஸ்பெக்டர் என்ன பார்ப்பார் என்பதையும் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள் அண்ணே.

---

எல்போர்டு_பெரியவர்:

மூன்று தடவை ஆஃப் ஆனது நல்ல சேதிம்மா. இப்போதுதான் நீங்கள் ஓட்ட ஆரம்பித்திருக்கிறீர்கள்.

பாலத்துக்குப் போகவே போகாதீர்கள். காளவாசல் மேம்பாலமோ நத்தம் ரோட்டுப் பறக்கும் பாலமோ, ஏறுகிற வழியில் நின்று பழகினால் பின்னால் வருகிறவன் நேரே வந்து இடிப்பான். உங்கள் ஊரைச் சுற்றித்தான் பிளாட் போட்டு விற்காமல் கிடக்கிற லேஅவுட் எத்தனை இருக்கிறது! தார் ரோடு இருக்கும், கல் நட்டிருக்கும், வீடு இருக்காது. நம் ஊர் ரியல் எஸ்டேட்காரர்கள் தெரியாமலே செய்த ஒரே புண்ணியம் அது. கேட்டுவிட்டு உள்ளே போங்கள். மலையடிவாரம் பக்கம் என்றால் லேசான ஏற்றமும் கிடைக்கும்.

ஏற்றத்தில் இப்படிச் செய்யுங்கள். கைப்பிரேக்கை இழுத்து நிறுத்துங்கள். முதல் கியர். கிளட்சை மெதுவாக விட்டுக்கொண்டே வாருங்கள், ஓர் இடத்தில் இன்ஜின் சத்தம் கனத்து, வண்டியின் மூக்கு லேசாகத் தூக்கும். அங்கேயே காலை அசையாமல் நிறுத்திக் கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்து, அப்புறம் கைப்பிரேக்கை விடுங்கள். பின்னால் ஓர் அங்குலம்கூடப் போகாது. இடது குதிகால் தரையில் இருக்கட்டும், காலை அந்தரத்தில் தொங்கவிட்டுக் கிளட்ச் பிடிக்கிறவர்களுக்கு இது ஜென்மத்துக்கும் வராது. கொழுந்தனார் பின் சக்கரத்துக்குக் கொஞ்சம் பின்னால் ஒரு காலி தீப்பெட்டியை வைத்துவிட்டு ஒதுங்கி நிற்கட்டும், வண்டிக்குப் பின்னால் நிற்கக் கூடாது. அது நசுங்காமல் நீங்கள் கிளம்பினால் பாஸ்.

ரிவர்ஸுக்கு நான்கு காலி பெயிண்ட் டப்பா போதும். வாசல் போல வைத்து, இடது பக்கமும் வலது பக்கமும் உள்ளே விட்டுப் பழகுங்கள். ஆக்சிலேட்டரே வேண்டாம், பாதிக் கிளட்சிலேயே வண்டி ஊரும். கண்ணாடியை மட்டும் நம்பாமல் கழுத்தைத் திருப்பிப் பாருங்கள். உங்கள் அலுவலகத்தில் கார் டிராக் எந்த வடிவத்தில் போட்டிருக்கிறார்கள் என்று ஒரு நாள் முன்னதாகவே போய்ப் பார்த்துவிடுங்கள், அதே அளவில் டப்பாவை வைக்கலாம்.

இன்ஸ்பெக்டர் பார்ப்பது என்ன என்பது மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் 15-ஆவது விதியில் இருக்கிறது. கண்ணாடி சரிசெய்வதில் ஆரம்பித்து, கியர் மாற்றுவது, முந்துவது, பின்னால் வருகிறவனை முந்தவிடுவது, ஏற்றத்தில் பின்னால் நகராமல் கிளம்புவது, அவசரத்துக்கு நிறுத்துவது, குறுகிய இடத்துக்குள் ரிவர்ஸில் நுழைவது வரை எல்லாம் உண்டு. ஒவ்வோர் இன்ஸ்பெக்டரும் எல்லாவற்றையும் கேட்க மாட்டார். ஆனால் அந்த விதியைப் படித்துவிட்டு, "இதில் எதெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தீங்க" என்று உங்கள் மாஸ்டரிடம் கேட்டுப் பாருங்கள். காளவாசல் போய்த் திரும்புவது அந்தப் பட்டியலில் இல்லை.

என் அனுபவத்தில், வண்டி நகர்வதற்கு முன்னாலேயே பாதி முடிவு தெரிந்துவிடும். ஏறியதும் அவசரப்பட்டுச் சாவியைத் திருகாதீர்கள். சீட்டை இழுத்துக்கொள்ளுங்கள், பெல்ட் போடுங்கள், கண்ணாடியைத் திருப்புங்கள், நியூட்ரலா என்று கியரை ஆட்டிப் பாருங்கள், அப்புறம் ஸ்டார்ட். கிளம்பும்போது வலது பக்கம் தலையைத் திருப்பிப் பார்ப்பது அவர் கண்ணில் பட வேண்டும். நடுவில் ஆஃப் ஆனால் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். பிரேக், நியூட்ரல், மறுபடி ஸ்டார்ட். ஆஃப் ஆவது யாருக்கும் நடக்கும், அதற்கப்புறம் நீங்கள் பதறுகிறீர்களா என்பதைத்தான் கவனிப்பார். கை சிக்னலும் கேட்கலாம். வலது பக்கம் திரும்பக் கையை நேராக வெளியே நீட்டி, உள்ளங்கை முன்னால் பார்த்தபடி. வேகம் குறைக்க, உள்ளங்கையைக் கீழே காட்டி மேலும் கீழும் அசைக்க வேண்டும்.

கண்ணாடி போடுகிறவர் என்றால் கண்ணாடியோடு போங்கள். 25 மீட்டரில் ஒரு கார் நம்பர் பிளேட் படிக்க வர வேண்டும்.

---

திருமங்கலம்_வாத்தியார்:

பெரியவர் சொன்னதோடு ஒரு சின்ன விஷயம். லைசென்ஸ் தபாலில்தான் வரும், விண்ணப்பத்தில் முகவரியும் மொபைல் எண்ணும் சரியா என்று இரண்டு தடவை பாருங்கள். அட்டை வரும்வரை டிஜிலாக்கரில் இருப்பதையே காட்டலாம். 43 வயதுக்குப் பத்து வருஷம் செல்லும்.

---

நாகமலை_அக்கா:

ஸ்லாட் போட்டுவிட்டேன், காலை நேரமே கிடைத்தது. மாஸ்டரிடம் விதியைக் காட்டினேன். கொஞ்ச நேரம் படித்துவிட்டு, "சரிம்மா, மிச்ச வகுப்பில் ரிவர்ஸ் போடுவோம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை கொழுந்தனாரோடு லேஅவுட்டுக்குப் போய் டப்பா வைத்துப் பழகினேன். அங்கே இருந்த காவல்காரர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "கார்னர் பிளாட் ஒண்ணு இருக்கு, அதைப் பாக்குறீங்களா" என்றார். இல்லண்ணே, ரிவர்ஸ் எடுக்க வந்தோம் என்றேன். வாரம் ஒரு தடவை வந்து எடுத்துக்கங்க, ஆள் நடமாட்டம் இருந்தா முதலாளிக்கும் சந்தோஷம்தான் என்று சொல்லியிருக்கிறார்.