அப்பாவின் புத்தகத்தைத் தேடிக் கன்னிமாராவுக்குப் போன கதை

அப்பா 1963இல் தன் கைக்காசைப் போட்டு ஒரே ஒரு புத்தகம் வெளியிட்டார். எங்கள் பக்கத்துக் கிராம தேவதைகளைப் பற்றிய 96 பக்கச் சிறுநூல். பாதிப் பிரதிகளைப் பரணில் கரையான் தின்றது. மீதியை வந்தவர் போனவரிடமெல்லாம் கொடுத்துத் தீர்த்தார். அவர் காலமான பிறகுதான் வீட்டில் ஒரு பிரதிகூட இல்லை என்பது எங்களுக்கு உறைத்தது.

சென்னை கன்னிமாரா பொது நூலகத்தில் கேட்டுப் பார்க்கச் சொன்னவர் ஒரு பழைய புத்தக வியாபாரி. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதியைப் பதிப்பாளர் தன் செலவிலேயே அங்கு அனுப்ப வேண்டும். கொல்கத்தா, மும்பை, டெல்லி நூலகங்களோடு, நாட்டில் இந்த உரிமை பெற்ற நான்கு நூலகங்களில் அதுவும் ஒன்று. சட்டம் இருந்தால் போதுமா? அப்பா அதைத் தபாலில் சேர்த்திருக்க வேண்டுமே! மின்கட்டணத்தையே கடைசி நாளில் கட்டுகிறவர் அவர்.

எழும்பூர் அருங்காட்சியக வளாகத்துக்குள் நுழைந்ததும் கால்கள் பழைய கட்டடத்தின் பக்கமே இழுத்தன. ஹென்றி இர்வின் வடிவமைத்து 1896 டிசம்பர் 5 அன்று திறக்கப்பட்டது. வளைந்த உயரக் கூரை, வண்ணக் கண்ணாடி, தேக்கு அலமாரிகள். இத்தனைக்கும் தொடக்கம் என்னவோ எளியதுதான்: இங்கிலாந்தின் ஹெய்லிபரி கல்லூரியில் மிஞ்சிப்போன புத்தகங்கள் கப்பலேறி வந்து அருங்காட்சியகத்தில் தஞ்சம் புகுந்தன. அங்கே வேண்டாதவை இங்கே விதையாகிவிட்டன.

நூலின் பெயர், ஆசிரியர், ஆண்டு எல்லாம் எழுதிச் சீட்டைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். நம்பிக்கை இல்லை. உள்ளே போன ஊழியர் வெறுங்கையோடு வருவார், ‘இல்லை சார்’ என்பார், நான் பஸ் ஏறுவேன் என்று மனத்துக்குள் ஒத்திகைகூட முடிந்துவிட்டது.

புத்தகம் வந்தது. அட்டையில் அதே அம்மன் படம். திறந்தால் பல பக்கங்கள் மேல்விளிம்பில் வெட்டப்படாமல் ஒட்டியே இருந்தன. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அதை ஒருவரும் படித்திருக்கவில்லை! சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. ஊழியர் ஒரு காகிதக் கத்தியைக் கொண்டுவந்து, ‘நீங்களே பிரிக்கிறீர்களா?’ என்று கேட்டார். எனக்குக் கை நடுங்கியது. அவரே பிரித்துக் கொடுத்தார்.

*

உங்கள் கன்னிமாரா கதையைப் படித்தேன். உங்களுக்குச் சட்டம் துணைநின்றது. எங்கள் தாத்தா நாடக ஒப்பனைக்காரர். அவர் பெயர் அச்சான ஒரே காகிதம் ஒரு நாடக நோட்டீஸ். நோட்டீஸை யார் நூலகத்துக்கு அனுப்புவார்கள்? தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் அப்படி ஒன்றைக் கண்டேன். கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்த மனிதர் முத்தையா. நூல்களோடு, பிறர் குப்பை என்று வீசிய துண்டுக் காகிதங்களையும் சேர்த்தார். அவர் 1992இல் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. நல்லவேளை, கடல் கடத்தாமல் சென்னையிலேயே வைத்து 1994இல் நூலகமாக்கினார்கள். நான் பார்த்த நோட்டீஸில் நடிகர்கள் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. தாத்தா பெயர் கடைசி வரியில், அதுவும் எழுத்துப்பிழையோடு. பாட்டிக்குக் காட்டியபோது அவள் முதலில் கவனித்தது அந்தப் பிழையைத்தான்.

*

நீங்கள் இருவரும் நூலகத்துக்குத் தேடிப் போனீர்கள். நான் தேடிப் போகவில்லை, மழைக்கு ஒதுங்கினேன். நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் சென்னை இலக்கியச் சங்கத்தின் செங்கல் கட்டடம். சங்கம் 1812இல் தொடங்கியது. கன்னிமாராவுக்கே அது பாட்டன் முறை. அலமாரிகள் கூரையை முட்டுகின்றன, அண்ணாந்து பார்த்தே கழுத்து வலித்தது. சிதைந்த நூல் ஒன்றைத் தத்தெடுத்துப் பணம் கொடுத்தால் செப்பனிட்டு வைக்கிறார்கள். மழை விடுவதற்குள் நானும் ஒன்றுக்குக் கொடுத்துவிட்டேன். தாவரவியல் நூல். எனக்குச் செடிகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. அட்டை பிய்ந்து தொங்கிய கோலம் மனத்தை என்னவோ செய்தது, அவ்வளவுதான். பைண்டிங் முடிந்ததா என்று அடுத்த வாரம் போய்க் கேட்க வேண்டும்.