புதுப்பிப்பு: பல்கலைக்கழகத்திடம் ஆர்டிஐ-யில் கேட்ட விடைத்தாள் நகல் கிடைத்துவிட்டது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் (ஆர்டிஐ) கீழ் என் விடைத்தாள் நகலைக் கேட்டு, 30 நாள் கெடு தாண்டியும் பதிலே இல்லை என்று எழுதியிருந்தேன். புது மனு வேண்டாம், அதே சட்டத்தின் பிரிவு 19(1)-இன் கீழ் அங்கேயே உள்ள மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள் என்றீர்களே, அதுதான் பலித்தது. தேர்வு எழுதியவர் தன் விடைத்தாளைப் பார்க்கலாம், நகலும் பெறலாம் என்ற 2011 உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும் (சிபிஎஸ்இ, ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கு) குறிப்பிட்டேன்.

எதிர்பாராத ஒன்று: நகலுக்குப் பக்கக் கணக்கில் பணம் கேட்டார்கள். கெடு தாண்டினால் இலவசம் என்கிறது பிரிவு 7(6). அதைச் சுட்டியதும் சரி என்று விட்டுவிட்டார்கள்.

அப்புறம், திருத்தியவரின் கையொப்பத்தைக் கறுப்பு மையால் அழித்திருந்தார்கள். சண்டைக்குப் போகாதீர்கள், அதே தீர்ப்பு அதற்கும் இடம் கொடுக்கிறது.