சர்டிபிகேட் கடை பீரோவில், நான் எப்படி வெளியே வருவது?

எல்லோருக்கும் வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடையில் ஒன்றரை வருடமாக சேல்ஸில் இருக்கிறேன். சம்பளம் 16,000, அதுபோக இன்சென்டிவ். அந்த இன்சென்டிவ் மூன்று மாதமாக வரவில்லை. கேட்டால், "முதலில் டார்கெட்டை முடி" என்கிறார் மேனேஜர்.

டிவி, ஃப்ரிட்ஜ் விற்றால் மட்டும் போதாது, கூடவே எக்ஸ்டெண்டட் வாரண்டியையும் தலையில் கட்ட வேண்டும். போன வாரம் தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு பாட்டி மிக்ஸி வாங்க வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, கசங்கிய நூறு ரூபாய்த் தாள்களை எண்ணிக்கொண்டிருந்தார். அவரிடம் வாரண்டி பேச எனக்கு வாய் வரவில்லை. அன்று இரவு மேனேஜர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, என்னை எல்லோர் முன்னாலும் அரை மணி நேரம் நிற்கவைத்துத் திட்டினார். (உட்காருவது பகலிலும் கிடையாது. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-லேயே சட்டத்தைத் திருத்தியாயிற்று. எங்கள் கடையில் ஸ்டூல் கஸ்டமருக்கு மட்டும்தான்.)

சரி, விட்டுவிடலாம் என்றால், சேரும்போது வாங்கி வைத்த ப்ளஸ் டூ, டிகிரி சர்டிபிகேட்டுகளைத் தரமாட்டேன் என்கிறார்கள். அப்பாயின்ட்மென்ட் லெட்டரும் கிடையாது. என்னிடம் இருப்பது வங்கியில் சம்பளம் ஏறிய விவரமும், வாட்ஸ்அப்பில் மேனேஜர் போட்ட வாய்ஸ் மெசேஜ்களும்தான்.

தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் தொழிலாளர் துறையில் மனு கொடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? வேலையில் இருந்துகொண்டே கொடுக்கலாமா, இல்லை முதலில் வக்கீல் நோட்டீஸா? அப்புறம், பெரம்பூர், மூலக்கடை பக்கம் டார்கெட் இல்லாத பில்லிங் வேலை ஏதாவது இருந்தாலும் சொல்லுங்கள். அம்மாவிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. இன்சென்டிவ் மொத்தமாகச் சேர்ந்து வரும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.