தாத்தா சதாபிஷேகம் – திருக்கடையூர் (குழு)

இரவு 8:12
கார்த்தி: மண்டபத்தில் லேப்டாப்பைச் செருகிப் பார்த்தேன். மேடைத் திரையில் படம் ஓடினால் சாப்பாட்டுக் கூடத்து டிவியிலும் அதே ஓடுகிறது. மேடையில் மட்டும் வர என்ன செய்யலாம்?

கீதா அத்தை: டிவியில் வரவே கூடாது

பிரியா: ஓடினால் என்னம்மா, அங்கே இருக்கிறவர்களும் பார்க்கட்டுமே

கீதா அத்தை: மஞ்சு கல்யாணத்தில் பார்த்தாயே. இலையை மடித்த பிறகும் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. இரண்டாம் பந்தி 2 மணிக்கு. சமையல்காரர் என்னிடம்தான் கத்தினார்.

அம்மா: அது டிவியால் இல்லை அண்ணி. ரசம் வரத் தாமதம்.

கீதா அத்தை: ரசம் யார் பொறுப்பு?

இரவு 8:19
சேகர் சித்தப்பா: கார்த்தி, பதறாதே. விண்டோஸ் பட்டனோடு பி எழுத்தை அழுத்து. நாலு வரி வரும். முதலாவது லேப்டாப் திரை மட்டும். இரண்டாவது டூப்ளிகேட், எல்லாவற்றிலும் ஒரே காட்சி, இப்போது உனக்கு நடப்பது அதுதான். மூன்றாவது எக்ஸ்டெண்ட். நாலாவது இரண்டாவது திரை மட்டும், அதைத் தொடாதே, லேப்டாப் இருண்டுவிடும், அடுத்த படம் எது என்று நீயே தடவிக்கொண்டு நிற்பாய். நமக்கு வேண்டியது எக்ஸ்டெண்ட். பக்கத்துப் பக்கத்தில் மேசை போட்ட மாதிரி. ஒன்றில் வைத்தது இன்னொன்றில் தெரியாது.

முரளி மாமா: மாப்ளே, கொஞ்சம் மூச்சு விடுங்க

சேகர் சித்தப்பா: இன்னும் முடியவில்லை மாமா. கார்த்தி, அப்புறம் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே. அங்கே ஐடென்டிஃபை என்று ஒன்று இருக்கும். அழுத்தினால் ஒவ்வொரு திரையிலும் பெரிய நம்பர் தெரியும். டிவியில் 3 வந்தால் 3-ஐத் தொட்டு, கீழே பட்டியலில் டிஸ்கனெக்ட் திஸ் டிஸ்ப்ளே. டிவி கதை முடிந்தது. பிறகு பவர்பாயிண்டில் ஸ்லைடு ஷோ பட்டியில் மானிட்டர் என்று ஒரு பெட்டி, அதில் ஆட்டோமேட்டிக் என்று இருப்பதை மாற்றி மேடைத் திரையைத் தேர்ந்தெடு. லேப்டாப்பே மெயின் டிஸ்ப்ளேயாக இருக்கட்டும். அறிவிப்பெல்லாம் மெயின் திரையில்தான் எட்டிப்பார்க்கும். பிரியா வளைகாப்பில் நடந்தது மறுபடி நடக்கக் கூடாது.

முரளி மாமா: அதை ஏன் இப்போது

பிரியா: "தங்கள் நகை ஏலத்துக்கு வருகிறது" 😂 எட்டடி அகலத்தில்

முரளி மாமா: வட்டி கட்டியாச்சு. ரசீது போடவா?

கீதா அத்தை: வட்டி கட்டியாச்சு. வளையல் வரவில்லை.

அம்மா: எந்த வளையல்? அத்தை போட்டிருந்ததா?

கீதா அத்தை: நாளைக்குப் பேசலாம் ஜெயா

முரளி மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

தாத்தா: [படம்: ரோஜாப் பூ, இனிய இரவு வணக்கம்]

இரவு 8:41
கார்த்தி: சித்தப்பா, ஐடென்டிஃபை அழுத்தினேன். லேப்டாப்பில் 1. மேடையில் 2. டிவியிலும் 2.

சேகர் சித்தப்பா: இருக்காது. நன்றாகப் பார். 3 இருக்கும்.

கார்த்தி: [படம்] டிவியில் 2-தான்

சேகர் சித்தப்பா: ரீஸ்டார்ட் செய். டிரைவர் பிரச்சினையாக இருக்கலாம்.

பிரியா: டிரைவர் என்றதும் ஞாபகம் வந்தது, வேன் மாயவரத்திலிருந்து எத்தனை மணிக்கு?

கார்த்தி: மண்டபத்துப் பையனைக் கேட்டேன். லேப்டாப்பிலிருந்து போவது ஒரே எச்டிஎம்ஐ ஒயர். மேலே ஒரு சின்னப் பெட்டி, அதில் நுழைந்து இரண்டாகப் பிரிகிறது.

சேகர் சித்தப்பா: அதை முதலிலேயே சொல்வதற்கென்ன? அது ஸ்பிளிட்டர். லேப்டாப்பைப் பொறுத்தவரை வெளியே இருப்பது ஒரே திரை. அந்தப் பக்கம் ஒயர் இரண்டாய்ப் பிரிகிறதா இருபதாய்ப் பிரிகிறதா என்று அதற்குத் தெரியாது. நீ செட்டிங்ஸில் எதை மாற்றினாலும் இரண்டுக்கும் சேர்த்துத்தான். ஆனால் எக்ஸ்டெண்டும் மானிட்டர் பெட்டியும் நான் சொன்னபடியே இருக்கட்டும், அது மாமாவுக்காக.

முரளி மாமா: நன்றி மாப்ளே

அம்மா: டிவியை அணைத்துவிட்டால் போதாதா?

சேகர் சித்தப்பா: போதும் அண்ணி

கார்த்தி: ரிமோட் மேனேஜரிடம். அவர் வீட்டுக்குப் போய்விட்டார். டிவியில் பட்டன் எங்கே என்று தெரியவில்லை, சுவரோடு ஒட்டி மாட்டியிருக்கிறார்கள்.

பிரியா: பெட்டியிலிருந்து அந்த ஒரு ஒயரைப் பிடுங்கிவிடு

கார்த்தி: ஏணி வேண்டும்

அம்மா: டிவி பிளக்கைப் பிடுங்கு

கார்த்தி: குடிதண்ணீர் மெஷினும் டிவியும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் இருக்கிறது அம்மா. ஏழெட்டு ஒயர், எது எது என்று தெரியவில்லை. பையன் கை வைக்காதே என்கிறான்.

கீதா அத்தை: ஒரு பழைய புடவையைப் போட்டு மூடு

முரளி மாமா: தாத்தா வேட்டி போதும். எட்டு முழம்.

கீதா அத்தை: உங்களுக்கு எல்லாம் விளையாட்டு

இரவு 9:07
கார்த்தி: சரி, படங்களின் வரிசை இது. 1969 கல்யாணப் படம், அப்புறம் அப்பா பிறந்தது, மாயவரம் வீடு, அறுபதாம் கல்யாணம். மொத்தம் 64.

தாத்தா: கல்யாணப் படம் வேண்டாம்

அம்மா: ஏன் மாமா? அதுதானே முதல் படம்

தாத்தா: அதில் சுந்தரம் நிற்கிறான்

சேகர் சித்தப்பா: அப்பா, சுந்தரம் பெரியப்பாவும் நாளை வருகிறார்

தாத்தா: யார் கூப்பிட்டது

இரவு 9:22
கீதா அத்தை: வேன் 4 மணிக்கா, 4.30-க்கா?

பிரியா: நானும் அதைத்தான் கேட்டேன்

சேகர் சித்தப்பா: ஓரத்தில்தான் நிற்கிறார் கார்த்தி. படத்தைக் கொஞ்சம் வெட்ட முடியுமா பார். முடியாவிட்டால் விடு.

கார்த்தி: வெட்டினால் பாட்டி தோளில் பாதி போகும்

அம்மா: புடவை நான் எடுத்து வருகிறேன். தாத்தா மாத்திரை போட்டாரா, யாராவது பாருங்கள்.