ஆள் துணையில்லாமல் டிரெய்லர் மாட்டியபோது

கோபிக் கரும்புக்காடு:
போன தை மாதம் கரும்பு ஏற்றும் அவசரத்தில், களத்துமேட்டில் நின்ற இரண்டு சக்கர டிரெய்லரை நான் தனியாளாக மாட்ட நேர்ந்தது. ஐந்து முறை ரிவர்ஸ் எடுத்தும், டிராக்டர் இரண்டு விரற்கடை இடப்பக்கம் விலகியது, அல்லது டிரெய்லரின் இழுவை வளையத்தில் முட்டி டிரெய்லரையே தள்ளியது. ஆறாவது முறை வளையம் டிராக்டரின் பின்னாலுள்ள இரட்டை இரும்புப் பட்டைக்குள் புகுந்துவிட்டது. இறங்கிப்போய்க் குனிந்து பார்த்தால், வளையத்தின் துளையும் பட்டைகளின் துளைகளும் முழு வட்டமாகச் சேராமல் பிறை அளவுக்கே வெளிச்சம் தெரிந்தது. எஞ்சினை நிறுத்தாமல், கை பிரேக் பிடித்துவிட்டது என்று நம்பி, ஒரு கையில் ஹிட்ச் பின்னை (துளைகளில் செருகி இரண்டையும் இணைக்கும் இரும்பு முளை) பிடித்துக்கொண்டு மறு கையால் வளையத்தை அசைத்துக்கொண்டிருந்தேன். பின்னைச் சரியாகப் பிடிக்க வளையத்திலிருந்து கையை எடுத்த அந்த நொடியில் டிராக்டர் பின்னால் உருண்டு, என் விரல்கள் இருந்த இடத்தில் இரும்போடு இரும்பு மோதியது. ஹிட்ச் பின் தானாகவே துளைக்குள் விழுந்தது. அந்தச் சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

மெல்பர்ன்வாசி:
படகு டிரெய்லர் இழுப்பவன் நான். பின்புறக் கேமரா இருந்தால் இந்தச் சிக்கலே வராது. ஆனால் எனக்கு நேர்ந்தது வேறு: காரின் பின்னாலுள்ள 50 மில்லிமீட்டர் இழுவை உருண்டைக்கு நேர்மேலே டிரெய்லரின் மூக்கை இறக்கி, 'டக்' என்ற சத்தத்தை நம்பிக் கிளம்பினேன். வீட்டு வாசல் மேட்டில் ஏறி இறங்கியதும் டிரெய்லர் கழன்று, பாதுகாப்புச் சங்கிலியில் தொங்கியபடி தாரில் இழுபட்டது. அந்த வெள்ளைக் கோடு இன்றும் வாசலில் இருக்கிறது.

ஒரத்தநாட்டு உழவன்:
மெல்பர்ன் நண்பரே, நடவு வயலுக்குள் இறங்கும் டிராக்டருக்குக் கேமரா எங்கிருந்து வரும்? மேலும் கேமரா இடம் காட்டுமே தவிர, பூட்டியதா என்று சொல்லாது. உங்கள் கதையே அதற்குச் சாட்சி. பூட்டிய பிறகு மூக்கைத் தாங்கும் சிறு சக்கரமான ஜாக்கி சக்கரத்தின் கைப்பிடியைச் சுற்றி டிரெய்லரின் மூக்கைத் தூக்கிப் பாருங்கள், காரின் பின்பகுதியும் கூடவே எழுந்தால்தான் பூட்டியதாகப் பொருள். கோபி அண்ணனுக்கு ஒரு வார்த்தை. கடைசி இரண்டு அடியில் ஸ்டியரிங்கைத் திருப்பிப் பயனில்லை, ஏனென்றால் அந்தத் தூரத்துக்குள் டிராக்டரின் கொக்கி பக்கவாட்டில் அதிகம் நகராது. பதினைந்து அடி முன்னால் போய், வண்டியை நேராக்கிக்கொண்டு வருவதே சுருக்கமான வழி. இருக்கையிலிருந்து வளையம் கண்ணுக்குத் தெரியாது என்பதால், டிரெய்லரின் முன்பலகையில் வளையத்துக்கு நேராக சிவப்புத் துணி கட்டிய குச்சியை நட்டுவிடுங்கள். வளையத்தின் உயரத்தை முதலிலேயே செங்கல் அடுக்கிச் சரிசெய்து, டிரெய்லரின் இரு சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் முட்டுக்கல் வையுங்கள். இறங்குமுன் எஞ்சினை நிறுத்திக் கியரில் விடுங்கள். துளைகள் சேரவில்லையென்றால் கடப்பாரையால் நெம்புங்கள், கையை மட்டும் உள்ளே விடாதீர்கள். எங்கள் அண்ணன் மகன் கட்டைவிரல் நகத்தை இழந்தது இதே வேலையில்தான்.

கோபிக் கரும்புக்காடு:
முட்டுக்கல்லும் வைத்திருந்தேன், ஆனால் டிரெய்லருக்கு மட்டும். மறுநாள் காலை பார்த்தபோது, டிராக்டரின் கை பிரேக்கில் பிரேக் பெடலைப் பிடித்து நிறுத்தும் கொக்கியின் பல் தேய்ந்து வழவழப்பாக இருந்தது.