கேசட் தீர்ந்துபோன இடம்

தர்மபுரி பழைய கேசட்:

பிடித்த பாட்டு எது என்றால் எல்லோரும் வரியைத்தான் சொல்கிறோம். வரியே இல்லாத இடத்தைச் சொல்லுங்கள் பார்ப்போம். கிடார், சாக்ஸ், ட்ரம்ஸ், எதுவானாலும் சரி. இங்கிலீஷ் பாட்டோ நம்ம பாட்டோ, அதுவும் உங்கள் இஷ்டம். எங்கே, எதில், யாரோடு கேட்டீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லணும். முதல் போணி என்னுடையது.

1996, ப்ளஸ் டூ முடித்த லீவு. பெங்களூரில் லேத் பட்டறையில் இருந்த பெரியப்பா மகன் ஊர்த் திருவிழாவுக்கு வந்தவன், ஒரு துண்டுச் சீட்டில் பத்துப் பன்னிரண்டு இங்கிலீஷ் பாட்டு எழுதி, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த ஒரு ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்துவிட்டுப் போனான். 60 நிமிட கேசட். வாங்கப் போனது நான். அட்டையில் கடைக்காரர் பச்சை மையில், அழகான கையெழுத்தில், எல்லாப் பெயரையும் தமிழிலேயே எழுதியிருந்தார். ஏ பக்கத்தில் கடைசி: 'ஓட்டல் கலிபோர்னியா'. அம்மா எடுத்துப் பார்த்துவிட்டு, "இது எந்த ஊர்ல புதுசா தொறந்திருக்காங்க?" என்றாள்.

அந்தப் பாட்டில் எனக்கும் 'ஓட்டல்' ஒன்றுதான் புரிந்தது. ஆனால் பாடி முடிந்ததும் ஒரு கிடார் கிளம்பும் பாருங்கள், அது தமிழ் மீடியத்துக்காரனுக்கும் புரிந்தது. ஒரு நிமிடம் போல ஓடும். ஏறும், இறங்கும், எங்கேயோ போய்ச் சேரப் போகிறது என்று தெரியும், நெஞ்சு தயாராகும்... 'டக்'. டேப் ரிக்கார்டர் பட்டன் எகிறிவிடும். பக்கம் தீர்ந்துவிட்டது. கடைக்காரருக்குப் பாட்டு முடிந்த மாதிரிதான் தோன்றியிருக்கும். பாடகர் வாயை மூடிவிட்டாரே!

ஏழு வருடம் எனக்கு அந்தப் பாட்டு அந்த 'டக்'கோடுதான் முடிந்தது. நாள்பட நாள்பட அந்தச் சத்தமும் தாளத்தில் சேர்ந்துகொண்டது. குளிக்கும்போது முணுமுணுத்தால்கூட அந்த இடத்தில் நாக்கைத் தட்டி நிறுத்துவேன்.

2003இல் சேலத்தில் ஒரு துக்க வீட்டுக்கு வாடகை சுமோவில் போகிறோம். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் லாரி ஒன்று கவிழ்ந்து, முன்னும் பின்னும் வண்டி. டிரைவர் தம்பியிடம் எம்பி3 சிடி ஒன்று, நூற்றைம்பது பாட்டு, எல்லாம் கலந்து கட்டி. அதில் திடீரென்று என் ஓட்டல். பின் சீட்டில் அத்தை தூங்குகிறாள், மாமா மாலையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்க்கிறார். பாடி முடிந்தது. கிடார் வந்தது. நான் 'டக்'குக்குக் காத்திருக்கிறேன். அந்த இடமும் வந்தது.

நிற்கவில்லை.

அதற்கு அப்புறம்தான் தெரிந்தது, வாசித்தது ஒரு ஆள் இல்லை. ஈகிள்ஸ் என்ற அமெரிக்க பேண்டின் டான் ஃபெல்டரும் ஜோ வால்ஷும். அதுவரை மாற்றி மாற்றி வாசித்துக்கொண்டிருந்தவர்கள் கடைசியில் ஒன்றாகச் சேர்ந்து, ஒருவர் மேலே ஒருவர் கீழே, ஜோடியாகப் படி இறங்குகிறார்கள். ஏழு வருடமாக ஒற்றை ஆள் என்று நினைத்திருந்தேன். சேர்கிற இடத்தைத்தான் கேசட் தின்றுவிட்டது. டிரைவர் தம்பி திரும்பி, "பாட்டு முடிஞ்சிருச்சுண்ணா, மாத்தட்டுமா?" என்றான். மாத்தாதே என்றேன். குரல் ஒரு மாதிரி வந்ததால், துக்கத்துக்குப் போகிறவன் அழுகிறான் என்று விட்டுவிட்டான். (இறந்தவர் தூரத்துச் சொந்தம். அவருக்காக அவ்வளவு இல்லை என்பதை இங்கே மட்டும் சொல்கிறேன்.)

பின்னால் ஒன்று படித்தேன். 1976இல் அந்தப் பாட்டை மயாமியில் பதிவு செய்யும்போது, ஃபெல்டர் வீட்டில் முதலில் போட்டு வைத்த மாதிரிப் பதிவில் இருப்பது அப்படியே வரணும் என்று பாடகர் டான் ஹென்லி பிடிவாதம் பிடித்தாராம். ஃபெல்டருக்கு அது மறந்தே போயிருக்கிறது. கேசட்டோ கலிபோர்னியா வீட்டில். போன் போட்டு, வீட்டு வேலைக்காரம்மாவைத் தேடி எடுக்கச் சொல்லி, போன் ரிசீவரிடம் வைத்து ஓட்டச் சொல்லிக் கேட்டுத் திரும்பப் படித்தாராம். அவரே பேட்டியில் சொன்னது. அவருக்கும் கேசட் ஒரு கட்டத்தில் படுத்தியிருக்கிறது என்பதில் எனக்கு ஒரு அற்ப திருப்தி.

பென்னாகரம் ரூட்:

வரி இல்லாத இடம் வந்தாதான் எங்க பஸ்ல கண்டக்டர் "டிக்கெட் டிக்கெட்"னு வருவாரு. முப்பது வருஷமா ஒரு இன்டர்லூடும் முழுசா கேட்டதில்லை.

பாலக்கோட்டு கீபோர்டு:

நான் கேட்டவன் இல்லைங்க, வாசிச்சவன். பதினெட்டு வருசம் ஆர்க்கெஸ்ட்ரா. மாரியம்மன் பண்டிகை, காதுகுத்து, கட்சிக் கூட்டம், கூப்பிட்ட இடமெல்லாம்.

மேடையில ஒரு உண்மை இருக்கு. கைதட்டு பாடகருக்கு. இன்டர்லூடு வந்தா பாடகர் தண்ணி குடிப்பார், வேட்டியைச் சரி பண்ணுவார், கீழே யாருக்காச்சும் கையாட்டுவார். நாங்க வேர்த்து ஊத்தி வாசிப்போம். ஒருத்தரும் பார்க்க மாட்டாங்க. ஒரு பாட்டு மட்டும் அப்படி இல்லை: 'இளைய நிலா பொழிகிறதே'. 1982, பயணங்கள் முடிவதில்லை. அதுல பாட்டு தொடங்குறதே கிடார்தான். பதிவுல வாசிச்சவர் சந்திரசேகர். எஸ்.பி.பி. வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே அவர் பாதிப் பாட்டைப் பாடிட்டார்னு நான் சொல்வேன். அந்தக் கிடார் வராம பாட்டைத் தொடங்கிப் பாருங்க, ஜனம் ஒத்துக்காது.

மாரண்டஹள்ளிப் பக்கம் ஒரு கிராமம். எங்க கிடார்காரன் தர்மபுரியில பஸ்ஸைத் தவறவிட்டுட்டான். சீட்டு வந்துருச்சு, 'இளைய நிலா', ஊர்க் கவுண்டர் நேயர் விருப்பம். வேற வழி? கீபோர்டுல நைலான் கிடார் டோன் போட்டு நான் ஆரம்பிச்சேன். சுரம் ஒண்ணும் தப்பலை, சத்தியமா. ஆனா கிடார்ல விரல் கம்பியைக் கிள்ளும்போது ஒரு உரசல் வரும், ஒரு கம்பி அடங்குறதுக்குள்ள அடுத்தது எழும்பும். கட்டையில அது வராது. நாலாவது வரிசையில ஒரு பெரியவர், தலையில துண்டு, எந்திரிச்சு நின்னு, "தம்பி, கிடாரு எங்கப்பா?"ன்னார்.

மைக் இல்லாமலே மேடை வரைக்கும் கேட்டுச்சு. அத்தனை பேரும் சிரிச்சாங்க. பாடகர் சமாளிச்சுப் பாடிட்டார். எனக்கு மட்டும் அன்னிக்கு ராத்திரி ஒரே சந்தோஷம். ஏன்னா அத்தனை வருசத்துல மேடையில இசையைக் கேட்ட ஒரு ஆளை அன்னிக்குத்தான் பார்த்தேன். இறங்கிப் போய் விசாரிச்சா, அவருக்குத் தக்காளி மண்டியில மூட்டை தூக்குற வேலை. கிடாரைக் கிட்டத்துல பார்த்ததே இல்லையாம். "ரேடியோல வர்றப்ப கம்பி கம்பியா இருக்கும், நீ வாசிச்சது பஞ்சு மாதிரி இருந்துச்சு"ன்னார்.

தேன்கனிக்கோட்டை:

1994இல் 'டூயட்' படப் பாட்டு கேசட் வீட்டில் ஓடாத நாளே இல்லை. கத்ரி கோபால்நாத்தின் சாக்ஸஃபோனைக் கேட்டு எங்கள் தாத்தா, "நாயனக்காரன் நல்லா ஊதுறான்" என்பார். தாத்தா அது நாயனம் இல்லை என்று நாங்கள் சிரிப்போம். கத்ரி நாதஸ்வரக் குடும்பம், முதலில் கற்றுக்கொண்டதே நாயனம்தான் என்று தாத்தா போன பிறகுதான் தெரிந்தது.

ஓசூர் நைட் ஷிப்ட்:

2007 மார்ச் 17, பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸ், அயர்ன் மெய்டன்னு இங்கிலாந்து மெட்டல் பேண்டோட கச்சேரி. நான் அப்ப சிப்காட்டில் ஒரு கம்பெனியில் அப்ரன்டிஸ். ரூம் மேட் பையன் ஒருத்தன் டிக்கெட் இருக்கு வாடான்னான். பஸ் ஏறினா நாற்பது கிலோமீட்டர், போய்ட்டோம். எனக்கு அந்த பேண்டைப் பத்தி டி-ஷர்ட் அளவுக்குத்தான் தெரியும்.

'ஃபியர் ஆஃப் தி டார்க்'னு ஒரு பாட்டு. ஆரம்பத்துல கிடார் ஒரு மெட்டை மெதுவா வாசிக்கும். மேடையில மூணு கிடார்காரங்க, ஆனா அந்த மெட்டு எனக்குச் சரியா கேட்கவே இல்லை. ஏன்னா சுத்தி நின்ன மொத்தக் கூட்டமும் கிடார் வாசிக்கிறதைத் தொண்டையால பாடுது. வார்த்தை கிடையாது, வெறும் ஓ... ஓ... ஓ. பக்கத்துல நின்னவன் கன்னடம், முன்னாடி ரெண்டு பேர் மலையாளம், நான் ஊத்தங்கரை. எல்லாரும் ஒரே பாட்டைத் தப்பில்லாம பாடினோம். மறுநாள் காலை ஆறு மணி ஷிப்டுக்குத் தொண்டை சுத்தமா போச்சு. சூப்பர்வைசர், "எங்கடா போய்க் கத்திட்டு வந்த?"ன்னார். கிடார் வாசிச்சேன் சார்னேன்.

காவேரிப்பட்டணம் டீச்சர்:

பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லித் தருகிறேன். பீட்டில்ஸின் 'இன் மை லைஃப்', 1965. நடுவில் கொஞ்ச நேரம் ஒரு துண்டு வரும், பழைய ஐரோப்பிய இசை மாதிரி துள்ளித் துள்ளி. அதை அதே வேகத்தில் வாசிக்க இரண்டு மாதம் உட்கார்ந்தேன். விரல் பின்னிக்கொண்டதுதான் மிச்சம். மாங்காய் சீசன், வீட்டுக்காரர் கூழ் பேக்டரியிலிருந்து வந்து, "இன்னும் அதே இடமா?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிட உட்காருவார்.

பிறகுதான் படித்தேன். அதை வாசித்த, பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினுக்கே அந்த வேகம் வரவில்லை. டேப்பைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு மெதுவாகப் பியானோ வாசித்துப் பதிந்து, அப்புறம் முழு வேகத்தில் ஓட்டியிருக்கிறார். அந்தக் கிணுகிணு சத்தம் வந்ததும் அதனால்தான். எனக்கு வந்த கோபம் இருக்கே! இரண்டு மாதம் நான் போட்டிபோட்டது ஒரு மோட்டாரோடு. இப்போது பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதி வேகத்தில் வாசி, அதுதான் ஒரிஜினல் என்று.

கிருஷ்ணகிரி ரவுண்டானா:

கேசட் அண்ணாவுக்கு ஒரு தகவல். நான் சின்னப் பையனா இருந்தப்ப இங்கே ஒரு ரெக்கார்டிங் கடையில எடுபிடி. உங்க கடை இல்லை, வேற ஊரு, வேற முதலாளி. தொழில் என்னமோ ஒண்ணுதான்.

அரை மணி நேரப் பக்கத்துக்கு ஏழு பாட்டு எழுதிட்டு வருவாங்க. ஆறரைதான் அடங்கும். ஒரு பாட்டை விட்டா கஸ்டமர் அட்டையை எண்ணிப் பார்த்துச் சண்டைக்கு வருவார். அதனால முதலாளி எனக்குச் சொல்லிக் கொடுத்தது: பாட்டை விடாதே, பாடி முடிஞ்சா நிறுத்து. முன்னாடி வர்ற ம்யூசிக்கை வெட்டு, பின்னாடி வர்றதை வெட்டு. நடுவுல வெட்டுனா மட்டும் தெரிஞ்சிரும், அதை விட்டுரு. ம்யூசிக் போச்சுன்னு ஒருத்தரும் திரும்பி வந்து கேட்டதில்லைண்ணா.

தர்மபுரி பழைய கேசட்:

நான் போய்க் கேட்டேன் தம்பி. 1997இல். கடைக்காரர் ஹெட்டைத் துடைத்து, கேசட்டைப் போட்டு முழுசாகக் கேட்டார். 'டக்'கென்று நின்றதும், "பாட்டு முழுசா இருக்கே"ன்னு பென்சிலால் டேப்பை இறுக்கித் திருப்பிக் கொடுத்துவிட்டார். கூலி வாங்கவில்லை.